ஈறுக்குக் கீழே – 9: வேர் கொடுக்கும் விலை

எத்துப்பல்லுக்குக் கம்பி கட்டுவதென்றால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை மாசம் ஆகும்?" என்பதுதான். அடுத்தது செலவு, அதற்கடுத்து வலி. பல்லின் வேர் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வேர் கண்ணில் படுவதில்லை, தேய்ந்தாலும் வலிப்பதில்லை. பிறகு எப்படிக் கேட்கத் தோன்றும்? ஆனால் பல் சீரமைப்புத் துறையின் ஆராய்ச்சியாளர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக விடாமல் துரத்திவரும் கேள்வி இதுதான்.

பல் தாடை எலும்போடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இடுக்கு. அதில் நார்கள், ரத்த நுண்குழாய்கள், நரம்பு முனைகள், பலவகை செல்கள். இந்த நார்ப்படலம் இருப்பதால்தான் பல் நகர்கிறது. செயற்கை வேரான இம்பிளான்டைச் சுற்றி இந்தப் படலம் கிடையாது. எத்தனை மாதம் கம்பியால் இழுத்தாலும் அது இருந்த இடத்திலேயே நிற்கும். அடிபட்டு, வேர் எலும்போடு இறுகிப்போன இயற்கைப் பல்லும் அப்படித்தான். ஆக, கம்பி செய்வது அழுத்தம் கொடுப்பது மட்டுமே. பல்லை நகர்த்துவது உடம்பு.

எப்படி நகர்த்துகிறது என்பதை முதன்முதலில் திசுவில் காட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட். அவருக்கு முன்பு பல் மருத்துவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். அழுத்தத்தில் எலும்பு வளைந்து கொடுக்கிறது என்றது ஒரு கட்சி. அழுந்தும் பக்கம் எலும்பு கரைகிறது என்றது இன்னொன்று. சாண்ட்ஸ்டெட் நாயின் மேல்தாடை வெட்டுப்பற்களில் கம்பி பொருத்தி மூன்று வாரம் உள்நோக்கித் தள்ளினார். பிறகு தாடையைச் சீவல் சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தார். 1904-05-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைகள் சொன்ன செய்தி இது: பல் போகும் திசையில் எலும்பு அரிக்கப்படுகிறது, பல் விட்டுவந்த பக்கத்தில், இழுபட்ட நார்களின் ஓரமாகப் புது எலும்பு படிகிறது. இன்றுவரை அடிப்படை இதுதான். அந்த செல்களுக்கு ஆணையிடும் புரதங்களின் பெயர்கள்தான் பின்னால் சேர்ந்தன.

அவர் இன்னொன்றையும் பார்த்திருந்தார். அழுத்தம் மிஞ்சிய இடத்தில் நார்ப்படலம் நசுங்கி, செல்கள் மறைந்து, கண்ணாடி போல ஒரே சீராகத் தெரிந்தது. அங்கே எலும்பு அரிக்கப்படவே இல்லை. இந்தக் கண்ணாடித் திட்டுதான் இன்றைய கட்டுரையின் மையம்.

பல்லை மெல்லத் தள்ளினால் படலத்தின் ரத்தக் குழாய்கள் சற்றே நெருக்கப்படும். ஓட்டம் குறையும், நிற்காது. சில மணி நேரத்தில் அங்குள்ள செல்களில் ரசாயன மாற்றம் தொடங்கும். இரண்டு நாளில் எலும்பை அரிக்கும் பெருஞ்செல்கள் வந்து சேர்ந்து வேலையை ஆரம்பித்துவிடும். பல் நிதானமாக நகரும். பலமாகத் தள்ளினால் கதை வேறு. ரத்தக் குழாய்கள் முழுக்க மூடிக்கொள்ளும், அந்தத் திட்டில் இருக்கும் செல்கள் மடியும். உயிரில்லாத இடத்தில் எலும்பை அரிக்க யாரும் இல்லை. பல் ஒரு நூலிழை நகர்ந்து அப்படியே நின்றுவிடும். பக்கத்து எலும்பின் உட்பகுதியிலிருந்து அரிக்கும் செல்கள் கிளம்பி, திட்டின் முதுகுப்புறமாகக் குடைந்துகொண்டு வர ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும். அவை அந்த எலும்புச் சுவரைத் தகர்த்த பிறகே பல் மீண்டும் அசையும். அதிக பலம் போட்டால் சீக்கிரம் முடியும் என்ற எண்ணம் இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

1932-இல் ஆஸ்திரியாவின் ஏ.எம். ஷ்வார்ஸ் இதற்கு ஓர் எண்ணே கொடுத்தார். ரத்த நுண்குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாண்டாமல், சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரை அழுத்துவதே உகந்தது என்றார். அந்த எண்ணை இன்று யாரும் அப்படியே கட்டிக்கொண்டு அழுவதில்லை. வேரின் மேற்பரப்பில் விசை சீராகப் பரவுவதில்லை, ஆளுக்கு ஆள் உடம்பும் மாறுகிறது. நார்வேயின் கோரே ரெய்டன் 1950-களில் மனிதப் பற்களையே ஆராய்ந்து, மென்மையான விசையிலும் சிறு அளவில் கண்ணாடித் திட்டுகள் தோன்றுவதைக் காட்டினார். முழுக்கத் தவிர்க்க முடியாது, சிறிதாக வைத்துக்கொள்ளலாம் என்பதே அவர் தந்த பாடம்.

சரி, எலும்பை அரிக்க வரும் செல்கள் பக்கத்தில் இருக்கும் வேரை ஏன் அரிப்பதில்லை? வேரைப் போர்த்தியிருக்கும் சிமென்டம் என்ற படிவுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதன் வெளிமேற்பரப்பில், இன்னும் சுண்ணாம்பு ஏறாத மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அரிக்கும் செல்களால் அதன்மேல் எளிதில் பற்றிக்கொள்ள முடியாது. கம்பி கட்டிய எல்லோருக்கும் பல் மிஞ்சுவது இந்தப் பூச்சின் புண்ணியத்தில்தான்.

ஆபத்து வருவது துப்புரவின்போது. கண்ணாடித் திட்டு செத்த திசு. அதை அகற்ற உடம்பு செல்களை அனுப்புகிறது. நார்வே ஆராய்ச்சியாளர்களான ப்ருட்விக்கும் ரிக்கும் 1990-களில் இதைப் படிப்படியாகத் தொடர்ந்து பார்த்தார்கள். துப்புரவு திட்டின் விளிம்பிலிருந்து தொடங்குகிறது. செத்த நார்களை அகற்றும் செல்கள், அவற்றோடு ஒட்டியிருக்கும் வேரின் காப்புப் பூச்சையும் உரித்துவிடுகின்றன. பூச்சு போன இடத்தில் வேர் எலும்பைப் போலவே திறந்து கிடக்கும். அரிக்கும் செல்கள் அதில் பள்ளம் பறிக்கின்றன. ஆக, திட்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு வேரும் அடிபடும்.

இந்த நுணுக்கமெல்லாம் தெரிவதற்கு வெகு முன்பே, 1914-இல், நியூயார்க்கைச் சேர்ந்த ராட்ரிகஸ் ஆட்டோலெங்குய் என்ற பல் மருத்துவர் வேர்த் தேய்மானத்தையும் பல் சீரமைப்பையும் தொடர்புபடுத்தி எழுதிவிட்டார். அவர் துப்பறியும் நாவல்களும் எழுதியவர். பல் மருத்துவத்தில் எக்ஸ்ரேயைத் தொடக்க காலத்திலேயே கையில் எடுத்தவர்களில் ஒருவர். தடயம் தேடும் புத்தி இரண்டு வேலைக்கும் உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் துறையை உலுக்கியவர் அமெரிக்காவின் டென்வர் நகரில் இருந்த ஆல்பர்ட் கெச்சம். 1920-களின் இறுதியில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களை அடுக்கிவைத்து, தன்னிடம் வந்த 500 நோயாளிகளில் 21 விழுக்காட்டினருக்கு நிரந்தரப் பற்களின் வேர் நுனி கரைந்திருப்பதைக் காட்டினார். அந்தத் துறையின் முன்னணி மருத்துவரே தன் நோயாளிகளின் படங்களைச் சபையில் விரித்து, நம் சிகிச்சை இதைச் செய்கிறதா என்று பாருங்கள் என்றார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது அந்த நேர்மைதான். வேறு யாரும் கண்டுபிடிக்க முடியாத பாதிப்பு அது. அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

எக்ஸ்ரேயில் ஒரு குறை உண்டு. வேரின் பக்கவாட்டுப் பள்ளங்களை அது சரியாகக் காட்டாது. நுனி குட்டையானால்தான் தெரியும். பள்ளத்தையே அளந்து பார்க்க ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் டேரண்டெலிலரின் குழு ஒரு வழி கண்டது. இட நெருக்கடிக்காக முன்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டிய இளம் வயதினரைத் தேர்ந்தெடுத்தார்கள். எப்படியும் போகப்போகிற அந்தப் பற்களில் சிலவற்றை 25 கிராம் விசையாலும், சிலவற்றை 225 கிராம் விசையாலும் ஸ்பிரிங் வைத்துக் கன்னத்தின் பக்கம் தள்ளினார்கள். சிலவற்றைத் தொடவே இல்லை. 28 நாள் கழித்துப் பற்களைச் சிதையாமல் எடுத்து, முப்பரிமாணத்தில் உருவாக்கி, ஒவ்வொரு பள்ளத்தின் கன அளவையும் கணக்கிட்டார்கள். 225 கிராம் வாங்கிய வேர்களில் பள்ளங்களின் மொத்த அளவு, 25 கிராம் வாங்கியவற்றைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. வேர் அழுத்தப்பட்ட இடங்களில்தான் பள்ளங்கள் மிகுந்திருந்தன. 2005-இல் வெளிவந்த அந்த ஆய்வுக்குப் பிறகு, விசையைக் கூட்டினால் வேருக்கு ஆகாது என்பது வெறும் அனுபவப் பேச்சாக இல்லாமல் அளந்த உண்மையாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் கலங்க வேண்டாம். நுண்ணோக்கியில் வைத்தால், நகர்த்தப்பட்ட பற்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஏதோ ஒரு பள்ளம் இருக்கவே செய்யும். விசை ஓய்ந்ததும் பெரும்பாலானவை ஆறிவிடுகின்றன. ஸ்வீடனில் ஓவ்மன்-மோல் குழு 1995-இல் இதை வாரக்கணக்கில் பார்த்தது. விசையை நிறுத்தி ஒரு வாரத்தில் 28 விழுக்காடு பள்ளங்களிலும், எட்டு வாரத்தில் 75 விழுக்காட்டிலும் புது சிமென்டம் படியத் தொடங்கியிருந்தது. திரும்ப வராதது நுனிதான். பள்ளங்கள் நாலாபுறமும் சேர்ந்து நுனியைத் துண்டித்துவிட்டால், அந்தத் துண்டு கரைந்துபோகும். வேர் அந்த அளவுக்குக் குட்டை. பெரும்பாலானோருக்கு இது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் தராது. நான்கு மில்லிமீட்டருக்கு மேல், அல்லது வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேய்வதைத்தான் கடுமையான தேய்மானம் என்பார்கள். அது நூற்றில் ஒன்று முதல் ஐந்து பற்களுக்குள் அடங்கும்.

அந்த ஒன்று முதல் ஐந்துக்குள் யார் வருவார்கள்? மேல் வெட்டுப்பற்கள், குறிப்பாகப் பக்க வெட்டுப்பற்கள், முதலில் அடிவாங்கும். வேர் நுனி மொட்டையாகவோ, மெலிந்து வளைந்தோ இருந்தால் ஆபத்து கூடும். முன்பு விழுந்து அடிபட்ட பல், எலும்புக்குள் அழுத்தி ஏற்றப்படும் பல், வேரை வெகுதூரம் நகர்த்த வேண்டிய பல், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் சிகிச்சை என்று பட்டியல் நீளும். பரம்பரைக்கும் பங்குண்டு. உடன்பிறந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் அதைக் காட்டின. 2003-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தின் மரபணு வேறுபாட்டைச் சுட்டினார்கள். அக்காவுக்குக் கம்பி போட்டு வேர் தேய்ந்திருந்தால், தம்பியின் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ரூட் கெனால் செய்த பல்லை நகர்த்தவே கூடாது என்றொரு பயம் நம்மிடையே உண்டு. ஒழுங்காகச் செய்த ரூட் கெனால் பல், மற்றப் பற்களைவிட அதிகமாகத் தேய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஸ்வீடனின் லெவாண்டரும் மால்ம்கிரெனும் செய்த வேலை இந்த விஷயத்தில் மிகப் பயனுள்ளது. சிகிச்சை தொடங்கி ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் எடுக்கும் எக்ஸ்ரே, பின்னால் வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று 1988-இல் காட்டினார்கள். அதில் நுனி மழுங்கத் தொடங்கியிருந்தால் அந்தப் பல் முடிவில் அதிகம் தேயும் வாய்ப்புண்டு. சுத்தமாக இருந்தால் கடுமையான தேய்மானம் அரிது. தேய்மானம் தெரிந்த பற்களுக்கு இரண்டு மூன்று மாதம் விசை கொடுக்காமல் ஓய்வு விட்டால், விடாமல் இழுத்த பற்களைவிடக் குறைவாகவே தேய்கின்றன என்பதை 1994-இல் எழுதினார்கள். ஒரு சிறிய எக்ஸ்ரே, கொஞ்சம் பொறுமை; வேண்டியது இவ்வளவுதான். ஆனால் கல்யாணத் தேதியோ கல்லூரி சேரும் நாளோ குறித்துவிட்டு, அதற்குள் கம்பியைக் கழற்றிவிடுங்கள் என்று மருத்துவரை நெருக்கும் வீட்டில் இந்த மூன்று மாதத்துக்கு இடமில்லை. நெருக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். ஓய்வு வேண்டும் என்று சொல்கிற மருத்துவர் உங்கள் பிள்ளையின் வேரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்.

சீக்கிரம் முடிப்பதாகச் சொல்லும் கருவிகளும் சந்தைக்கு வந்தன. வாயில் கவ்விக்கொண்டால் தினமும் சில நிமிடம் அதிரும் கருவி அவற்றில் ஒன்று. பிரிட்டனில் 81 இளம் வயதினரைச் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவுகள் 2015, 2016-இல் வந்தன. அதிர்வு பல்லின் வேகத்தைக் கூட்டவும் இல்லை, வேர்த் தேய்மானத்தைக் குறைக்கவும் இல்லை.

கம்பியைக் கழற்றியதும் தேய்மானம் நின்றுவிடுகிறது என்பது ஆறுதலான செய்தி. வேர் தேய்ந்த 100 பேரைச் சராசரியாகப் பதினான்கு ஆண்டு கழித்து அழைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1989-இல் வந்தது. வேர்கள் மேற்கொண்டு குட்டையாகவில்லை. பல் அளவுக்கு மீறி ஆடியது வெகு சிலருக்கே. வேர் கூம்பு வடிவம். நுனியில் பிடிப்பு குறைவு, கழுத்தருகே அதிகம். அதனால் நுனியில் மூன்று மில்லிமீட்டர் போவதும், ஈறு நோயால் கழுத்தருகே ஒரு மில்லிமீட்டர் எலும்பு போவதும் ஏறத்தாழ சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேர் குட்டையானவர்கள் அதை நினைத்துப் பயப்படுவதைவிட ஈறைப் பாதுகாப்பதில் கவனம் வைப்பது மேல். ஏற்கெனவே நுனியில் இழந்தவர் கழுத்தருகேயும் இழந்துவிடக் கூடாது. ஆறு மாதத்துக்கொரு முறை பல்லைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பல் மருத்துவரை மாற்றினால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களை மறக்காமல் புதியவரிடம் கொடுங்கள். பழைய படம் இல்லாவிட்டால், வேர் பிறவியிலேயே குட்டையா, கம்பியால் தேய்ந்ததா, இன்னும் தேய்கிறதா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

(அடுத்த வாரம்: நேரான பல் ஏன் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கிறது?)