மரத்தின் கைப்பிடி

ஒரு மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு அரை நாள் போதும். அதன் தூரைப் பெயர்த்தெடுக்கச் சில வேளை ஒரு வாரமும் போதுவதில்லை. இதனால்தான் நம்மில் பலருடைய கொல்லைகளில் மரம் போன பின்னும் அடிக்கட்டை மட்டும் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. பிள்ளைகள் அதில் இடறி விழுகின்றனர். கறையான் புற்று வைக்கிறது. சுவர் எழுப்பவோ செடி நடவோ இடமின்றிப் போகிறது. பலம் மிகுந்தவர்களால்தான் தூரைப் பிடுங்க முடியும் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் தவறு என்பதை எங்கள் குடும்பம் சற்றுத் துன்பப்பட்டே கற்றுக்கொண்டது.

இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ளது எங்கள் வீடு. கொல்லைப்புறத்தில் இரண்டு சீமைக் கருவேல மரங்கள் தாமாகவே முளைத்து வளர்ந்திருந்தன. தம்பிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அவனுக்கென ஓர் அறை கட்ட வேண்டும். அதற்கு இருந்ததோ அந்தக் கொல்லை மட்டுமே. முதல் மரத்தை முன்னரே மூன்று முறை தரைமட்டமாக வெட்டியிருந்தோம். மூன்று முறையும், ஒரு மழை பெய்ததும் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்தெழுந்தது. "தூர் வெளியே வராமல் அஸ்திவாரம் போட மாட்டேன்" என்று கொத்தனார் உறுதியாகக் கூறிவிட்டார். ஜே.சி.பி. இயந்திரம் எங்கள் சந்துக்குள் நுழையாது. திருமணத்திற்கோ இரண்டே மாதங்கள் இருந்தன.

ஆகவே கடப்பாரையோடு நாங்களே இறங்கினோம். தூரின் அடியில் கடப்பாரையைச் செருகி, தம்பி தன் பலமெல்லாம் கூட்டி ஒரே வெட்டாக வெட்டி இழுத்தான். கடப்பாரை நழுவிற்று, பிடித்த முனை திரும்பி அவன் முகத்தில் அடித்தது. முன்பல் ஒன்று போயிற்று. தூர் ஓர் அங்குலமும் அசையவில்லை.

வெட்டினாலும் சாகாத மரம்

சீமைக் கருவேலம் நம் நாட்டு மரமன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த இது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று வளர்க்கப்பட்டது, பின்னர் கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் மூடிக்கொண்டது. 2017ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்றுமாறு உத்தரவிட்டதை நம் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

இம்மரத்தின் உயிர் கிளையிலோ தண்டிலோ இல்லை. தண்டும் வேரும் கூடும் கழுத்தில் இருக்கிறது. மண்ணுக்குக் கீழே ஏறத்தாழ ஓரடி ஆழம் வரையுள்ள அந்தப் பகுதியிலேதான் புதுத் துளிர்களுக்கான மொட்டுகள் உறங்குகின்றன. ஆகவே தரைமட்டமாக வெட்டுவது மரத்திற்குக் கவாத்துச் செய்வதற்கு ஒப்பாகும். அதே வேளையில் ஆணிவேர் முழுவதையும் உருவ வேண்டியதும் இல்லை. அது ஆகக்கூடியதும் அன்று. கழுத்துப் பகுதி வெளியே வந்துவிட்டால் போதும்.

பெரியவர் சொன்ன பாடம்

எங்கள் தெருவிற்கு அப்பால் கரி மூட்டம் போடும் பெரியவர் ஒருவர் உண்டு. கிளையை எரித்த கரியைவிடத் தூரை எரித்த கரிக்கு விலை அதிகம். எனவே தூர் எடுப்பதே அவருக்கு வாழ்நாள் தொழில். தம்பியின் வீங்கிய வாயைக் கண்டு நலம் விசாரிக்க வந்தவர், கொல்லையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, கைப்பிடியை வெட்டி எறிந்துவிட்டுக் கட்டையைப் பிடுங்கப் பார்க்கிறீர்களே?"

"கைப்பிடியா? எந்தக் கைப்பிடியைச் சொல்கிறீர்கள், பெரியவரே?"

அவர் இன்னும் நின்றுகொண்டிருந்த இரண்டாவது மரத்தைத் தட்டிக் காட்டினார். "இதோ, இதுதான். இதை வெட்டிவிட்டால் எதைப் பிடித்து இழுப்பீர்கள்?"

பள்ளியில் நெம்புகோலைப் பற்றிப் படித்தவர்கள் நாங்கள். அவரோ பள்ளி வாசலை மிதியாதவர். ஆயினும் பாடம் அவரிடத்தில் இருந்தது. கிணற்று ஏற்றம், பாக்குவெட்டி, தராசு யாவும் நெம்புகோல்களே. தாங்கும் இடத்திலிருந்து கை எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சிறு பலம் பெரும் பலமாகிறது. பாக்கைப் பாக்குவெட்டியின் நுனியில் வைத்தால் வெட்டுப்படாது. பூட்டுவாய்க்கு அருகில் வைத்தால் எளிதில் பிளக்கும். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஒரு கட்டையை இழுப்பதைக் காட்டிலும், ஐந்தடி உயரத்தில் அதே பலத்தோடு இழுப்பது பத்து மடங்கு வேலை செய்யும். நாங்கள் மும்முறை வெட்டி விறகாக்கியது அந்தப் பத்து மடங்கைத்தான்!

நிற்கும் மரத்தை எடுப்பது எப்படி?

இரண்டாவது மரத்தில் பெரியவர் செய்ததை அப்படியே கூறுகிறோம். முதலில் கிளைகளையும் தலைப்பகுதியையும் கழித்து, ஐந்தடி உயரத் தண்டை நிறுத்திவிட்டார். முதல் நாள் மாலையே சுற்றிலும் தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவிட்டார். மறுநாள் தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்திற்கு வட்டமாகப் பள்ளம் பறித்தோம். கண்ணில் பட்ட பக்கவேர்களை எல்லாம் கோடாரியால் துண்டித்தார். மண் ஒட்டிய வேரில் கோடாரி விரைவில் முனை மழுங்கும். ஆகையால் வேரைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே வெட்டினார்.

பின்னர் தண்டின் உச்சியில் வடத்தைக் கட்டி இருவர் இழுத்தோம், விட்டோம், மீண்டும் இழுத்தோம். பல்லை ஆட்டி எடுப்பது போன்றதே இது. மரம் சாயும்போது எதிர்ப்புறத்து வேர்கள் விறைத்து வெளியே தெரிந்தன, அவற்றையும் வெட்டினார். இறுதியில் தண்டு ஒருபுறமாகப் படுக்க, ஆணிவேர் தலைகாட்டிற்று. அதை ஓரடிக்குக் கீழே தறித்ததும் மரம் முழுவதும் புரண்டு விழுந்தது. உச்சி வெயிலுக்கு முன்னரே வேலை முடிந்தது.

கைப்பிடி போன பிறகு

முதல் மரத்திற்குத் தண்டே இல்லை. அதற்குக் கைப்பிடியை நாம்தான் கொடுக்க வேண்டும். பன்னிரண்டடி நீளமும் நான்கு அங்குலக் கனமும் உள்ள, வெடிப்பில்லாத சவுக்குக் கம்பு ஒன்றைப் பெரியவர் கொண்டுவந்தார். முன்போலவே பள்ளம் பறித்து வேர்களை வெட்டிய பின், தூரைச் சங்கிலியால் சுற்றிக் கம்பின் முனையோடு பிணைத்தார். அம்முனையிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பின் கீழே ஆதாரக் கட்டையை வைத்தார். மறுபுறம் பதினோரடி நீண்டது. அந்த முனையில் 50 கிலோ பளு இறங்கினால், சங்கிலி ஏறக்குறைய 550 கிலோ பலத்தோடு தூரை மேலே இழுக்கும். ஒல்லியான ஒருவர் பாரம் கொடுத்தாலே போதும்.

இங்கே இரண்டு செய்திகளை மறத்தல் ஆகாது. முதலாவது, இரண்டு பளுவும் சேர்ந்து 600 கிலோவாக ஆதாரக் கட்டையின் மேல் இறங்கும். ஈர மண்ணில் கட்டை புதைந்துவிடும். ஆகவே அதன் கீழே அகன்ற பலகையோ தட்டைக் கல்லோ இட வேண்டும். இரண்டாவது, பலம் பதினோரு மடங்கு ஆகும்போது அசைவு பதினோரு மடங்கு குறைகிறது. நம் கை பதினோரு அங்குலம் இறங்கினால் தூர் ஓர் அங்குலமே எழும். ஆகவே எழுந்த ஒவ்வோர் அங்குலத்திற்கும் தூரின் அடியில் கல்லைச் செருகிக்கொண்டே வந்தார் பெரியவர். "கிடைத்த அங்குலத்தை விட்டுவிடக் கூடாது, தம்பி" என்பது அவர் சொல். ஆறாவது கல்லில் வேர் ஒன்று படீரென்று முறிந்தது. பத்தாவது கல்லில் தூர் கழன்றது.

தென்னந்தோப்பு உடையவர்களுக்கு

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை நாம் அறிவோம். தென்னையின் தூர் மீண்டும் துளிர்ப்பதில்லை. எனினும் அது மட்கும்போது காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, எஞ்சிய மரங்களின் குருத்தைத் துளைக்கிறது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. கயிறு போன்ற எண்ணற்ற வேர்களே அதைப் பிடித்து நிறுத்துகின்றன. சுற்றிலும் ஆழப் பறித்து அவற்றை அறுத்துவிட்டால், நாலடி உயரம் விட்ட தண்டே நெம்புகோலாக உதவும்.

எச்சரிக்கை

பாரம் தாங்கும் கம்பின் மேல் குனிவதோ, அதைக் கால்களுக்கிடையே வைத்து நிற்பதோ கூடாது; சங்கிலி அறுந்தால் கம்பு துள்ளி அடிக்கும். இழுக்கும் வடத்தின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கலாகாது. தூக்கிய தூரின் கீழே கையை விடாமல், கல்லைக் குச்சியால் தள்ளிச் செருகுக. சுவர், கிணறு, தண்ணீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றுக்கு அருகிலுள்ள மரமாயின் தகுந்த ஆளின்றித் தொடங்க வேண்டா. பிள்ளைகளை வீட்டினுள் இருத்திவிடுக. யாவற்றிலும் மேலாக, வெட்டி இழுக்காமல் மெல்ல மெல்லப் பாரத்தை ஏற்றுக. எங்கள் தம்பியின் பல் இதற்குச் சாட்சி.

பள்ளங்களை மூடி மண்ணைக் கெட்டித்த பின், குறித்த நாளில் கொத்தனார் கயிறு பிடித்தார். அறை எழும்பிற்று, திருமணமும் இனிதே நடந்தது. அடுத்த மழைக்குப் பின் சுவரோரம் இரண்டொரு கன்றுகள் தலைகாட்டின. விழுந்துகிடந்த பழைய விதைகளில் முளைத்தவை அவை. இரண்டு விரலால் பிடுங்கி எறிந்தோம். கூலியாகப் பெரியவர் இரண்டு தூர்களையும் கரிக்கு எடுத்துச் சென்றார். அந்தச் சவுக்குக் கம்பை மட்டும் எங்களிடமே விட்டுவிட்டார். இன்றும் அது எங்கள் கொல்லைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. தெருவில் யாருக்குத் தூர் எடுக்க வேண்டுமாயினும் முதலில் அதைத்தான் கேட்டு வருகின்றனர்.