24 கண்களுக்கு ஒரே பார்வை: மதுக்கரையில் திரைக்குப் பின்னால்

யானை வருவதை ஏ.ஐ. கண்டுபிடித்துவிட்டதாம். பிரமாதம், கைதட்டல் முழுக்க அதற்கே போகட்டும்! எனக்குக் குறுகுறுப்பெல்லாம் அதற்கு முன்னால் நடக்கும் கூத்தின் மேல்தான். வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு கேமரா, சூட்டைப் பார்க்கும் ஒரு கேமரா. இரண்டும் சேர்ந்து, "அதோ, அங்கேதான் நிற்கிறது" என்று ஒரே இடத்தைச் சொல்ல வேண்டும். இவற்றுக்குள் சமாதானம் பண்ணிவைப்பது யார், எப்படி?

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கோவை அருகே எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் நடுவில் ஏ லைன், பி லைன் என்று தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து காட்டுக்குள் போகிறது. மதுக்கரை வனச்சரகத்தில் 2008 முதல் ரயிலில் அடிபட்டு இறந்த யானைகள் 11. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று. பிறகு வனத்துறை 7.24 கோடி ரூபாயில் 12 கோபுரங்களை நிறுத்தி, அவற்றில் 24 கேமராக்களை ஏற்றியது. 2024 பிப்ரவரியில் திறந்துவைத்தார்கள். தண்டவாளத்திலிருந்து 150, 100, 50 மீட்டர் என்று மூன்று எல்லைகள்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. யானை நெருங்க நெருங்க, கட்டுப்பாட்டு அறையிலிருந்து வனப் பணியாளர்களுக்கும் ரயில்வேக்கும் செய்தி பறக்கும்.

இனி உள்ளே போவோம், வாங்க!

சூடு பார்க்கும் கேமராவின் லென்ஸ் கண்ணாடியே அல்ல, ஜெர்மானியம் என்ற உலோகச் சாயல் கொண்ட பொருள். சாதாரணக் கண்ணாடி அந்த வெப்பக் கதிர்களுக்குச் சுவர் மாதிரி. ஜன்னலுக்குப் பின்னால் யானையே நின்றாலும் இந்தக் கேமராவுக்குத் தெரியாது. இந்த வகைக் கேமராக்கள் பலவற்றில் இன்னொரு வேடிக்கை உண்டு. அவ்வப்போது 'கிளிக்' என்று சத்தம் போட்டுப் படம் ஒரு நொடி உறைந்துபோகும். பழுதெல்லாம் இல்லை. உள்ளே ஒரு சின்ன மூடி இறங்கி, "இப்போது எல்லாப் புள்ளிக்கும் ஒரே சூடு, சரிபார்த்துக்கொள்" என்று உணரியிடம் சொல்லிவிட்டுப் போகிறது. தன்னைத்தானே அளவுதிருத்திக்கொள்கிறதாம், கெட்டிக்காரி!

இரண்டு கேமராவையும் ஒத்துப்போக வைக்க, வழக்கமாகக் கறுப்பு வெள்ளைச் சதுரங்கப் பலகையை முன்னால் பிடிப்பார்கள். கட்டங்களின் மூலைகள் இரண்டு படத்திலும் எங்கெங்கே விழுகின்றன என்று கணக்குப் போட்டால் முடிந்தது. ஆனால் சூட்டுக் கேமராவுக்கு அச்சடித்த சதுரங்கம் வெறும் வெற்றுப் பலகை! எல்லாக் கட்டமும் ஒரே சூட்டில் இருக்கும்போது எதைப் பார்க்கும்? அதனால் பலகையை வெயிலிலோ பெரிய விளக்கின் முன்னாலோ காய்ச்சுவார்கள். கறுப்புக் கட்டங்கள் அதிகமாகச் சூடேறும். பலகை ஆறுவதற்குள் படமெடுத்துவிட வேண்டும். ஆறிவிட்டால் மறுபடியும் வெயில்.

இடம் ஒத்துப்போனால் போதுமா? நேரமும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு கேமராவின் கடிகாரமும் ஓரிரு நொடி முன்பின் இருந்தால், நடக்கிற கொம்பன் ஒரு படத்தில் புதருக்கு இந்தப் பக்கமும் இன்னொன்றில் அந்தப் பக்கமும் நிற்கும். ஒரு கொம்பன் இரண்டாகிவிடும்! மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயிலோ நொடிக்கு 12.5 மீட்டரைக் கடந்துவிடுகிறது.

என்னைக் கிறுகிறுக்க வைத்தது சாய்வுக் கணக்கு. சமதரையில் 10 மீட்டர் உயரத்தில் ஒரு கேமரா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது அரை டிகிரி சாய்ந்தால், 150 மீட்டரில் நிற்கும் யானையின் தூரம் ஏறத்தாழ 20 மீட்டர் பிசகும். மஞ்சள், ஆரஞ்சு என்ற எல்லைகளே 50 மீட்டர் இடைவெளிதான்! இங்கே சமதரைக்கு எங்கே போவது? மேடும் பள்ளமுமான காடு. போதாக்குறைக்கு, பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் ஆடிக் காற்று. ஒரு தடவை சரிசெய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாதுங்க.

யானையும் சும்மா ஒத்துழைக்காது. சேற்றில் புரண்டு வந்தால் தோல் குளிர்ந்திருக்கும். உடம்புச் சூட்டை வெளியேற்றுவது காதுகள் வழியாக என்பதால், அவை ஒரு சமயம் பளிச்சென்று தெரியும், ஒரு சமயம் மங்கிப்போகும். பகலெல்லாம் காய்ந்த ஜல்லி, பொழுது சாய ஆறிக்கொண்டே வரும்போது, யானையின் தோலும் தரையும் ஒரே சூட்டுக்கு வரும் தருணம் ஒன்று உண்டு. அப்போது சூட்டுக் கேமராவுக்குக் கண்ணே மங்கிவிடும். அந்த நேரத்தில் கை கொடுப்பது பக்கத்திலிருக்கும் சாதாரணக் கேமராதான். நள்ளிரவில் நிலைமை தலைகீழ். இரண்டையும் இவ்வளவு பாடுபட்டுக் கோத்து வைப்பது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

ரயில்வே கையில் இன்னொரு வித்தை இருக்கிறது. வடகிழக்கில் தண்டவாள ஓரத்து ஆப்டிகல் ஃபைபருக்குள் லேசர் ஒளியை அனுப்பி, யானையின் காலடி அதிர்வைப் பிடிக்கிறார்கள். இந்த முறையில் ஒரு சிக்கல்: இணைப்புப் பெட்டிகளில் ஃபைபர் சுருள் சுருளாகக் கிடக்கும் என்பதால் கேபிள் கணக்கில் காட்டும் தூரம் தரையில் இருக்காது. அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? தெரிந்த ஓர் இடத்தில், ஒரு கிலோமீட்டர் கல் பக்கத்திலென்று வைத்துக்கொள்ளுங்களேன், ஆளை நிறுத்திச் சம்மட்டியால் தரையில் 'தொம் தொம்' என்று அடிக்க வேண்டியது. திரையில் அதிர்வு எங்கே துள்ளுகிறதோ, அதுதான் இந்தக் கல் என்று குறித்துக்கொண்டு அடுத்த கல்லுக்கு நடக்க வேண்டியது. லேசருக்கே வழிகாட்டி ஒரு சம்மட்டி!