கண்ணில் வில்லை போடப் பழகினோம்

‘கண்ணுக்குள் விரல் விடாதே’ என்று சொல்லித்தான் ஊரில் எங்கள் எல்லோரையும் வளர்த்தார்கள். தூசு விழுந்தால் கசக்கக் கூடாது. அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, மெல்ல ஒத்தி எடுப்பா. அப்படி வளர்ந்த நாங்கள், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒஸ்லோவில் ஒரு கண்ணாடிக் கடைக் கதிரையில் இருந்து, எங்கள் கண்ணுக்குள் நாங்களே விரலை வைக்க வேண்டி வந்தது.

நாங்கள் என்றால் இரண்டு பேர். குரூருட் பள்ளத்தாக்கில் உறைந்த உணவுகள் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒரே நேர வேலை. ஒருவர் மூத்தவர், மற்றவருக்கு அவர் ‘அண்ணை’. இருவருமே பள்ளிக்கூடத்தைச் சாதாரண தரத்தோடு விட்டவர்கள். இருவருக்கும் தூரப் பார்வை குறைவு. இந்த அனுபவத்தை எழுதுவது எங்கள் கெட்டித்தனத்தைக் காட்ட அல்ல. நாங்கள் விட்ட ஒரு பிழையைப் புதிதாக வந்த குடும்பங்கள் விடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஏன் இந்த வேலை?

குளிர் அறையில் மைனஸ் இருபது பாகை. அங்கிருந்து பொதி செய்யும் மண்டபத்துக்கு வந்தால் சூடும் ஈரமும். குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஈரம் உடனே படிந்து, இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது. தே-பானேயில் ஏறும்போது கண்ணாடி போட்ட எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் தே-பானேயில் நின்று துடைக்கலாம். தொழிற்சாலையில் துடைத்துக் கொண்டு நிற்க முடியாது. ஒரு நாள் எங்களில் இளையவர் அப்படிக் குருடாக நடந்துபோய், சாமான் தூக்கும் ட்ரக்குக்கு முன்னால் நின்றுவிட்டார். ஓட்டியவர் பிறேக் பிடித்தபடியால் இன்று இதை இருவராக எழுதுகிறோம்.

அன்று மாலைதான், “அண்ணை, நாங்களும் லின்சர் போட்டால் என்ன?” என்ற கதை வந்தது. கண்ணுக்குள் போடும் வில்லைக்கு இங்கே நோர்வேஜிய மொழியில் லின்சர் என்று பெயர்.

ஒரு செக் நாட்டவரின் கதை

இது புதுமையான சாமான் அல்ல. 1888இல் அடொல்ப் ஃபிக் என்ற ஜெர்மன் கண் வைத்தியர், தாம் செய்த கண்ணாடி வில்லைகளைப் பற்றி எழுதி வெளியிட்டார். அவை முழுக்கக் கண்ணாடி, பாரமானவை, சில மணி நேரத்துக்கு மேல் போட முடியாதவை. இன்று நாங்கள் போடும் மெல்லிய வில்லைக்கு வழி திறந்தவர் ஒட்டோ விக்தெர்லே என்ற செக் இரசாயனவியலாளர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் இரகசியப் பொலிசாரின் சிறையில் இருந்தவர். 1958இல் அரசியல் காரணத்தால் தான் கற்பித்த கல்வி நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1961 நத்தார் காலத்தில், பிராக் நகரில் தன் வீட்டு மேசையில், பிள்ளைகளின் விளையாட்டு இயந்திரப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சிறு இயந்திரம் கட்டி, நீரை உறிஞ்சும் பிளாஸ்ரிக்கில் முதல் வில்லைகளைச் சுழற்றி எடுத்தார். 1971இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்து இவ்வகை வில்லைகள் அங்கே விற்பனைக்கு வந்தன. வேலை பறிக்கப்பட்ட மனிதர் வீட்டு மேசையில் செய்த காரியம் என்று அறிந்தபோது, எங்களுக்கு இந்தச் சின்னப் பொருளில் ஒரு மரியாதை வந்தது.

கதிரையில் ஒரு மணி நேரம்

நோர்வேயில் ஒப்ரிக்கர் என்பவர் வெறும் கடைக்காரர் அல்ல. படித்து அரச அங்கீகாரம் பெற்ற சுகாதாரப் பணியாளர். கண்ணை அளந்து, வில்லை பொருந்துமா என்று பார்த்து, போடவும் கழற்றவும் பழக்கிய பிறகுதான் கையில் தருவார். தேவைப்பட்டால் கண் வைத்தியரிடம் அனுப்பவும் அவரால் முடியும். மூக்குக்கண்ணாடியின் இலக்கமும் வில்லையின் இலக்கமும் எப்போதும் ஒன்றல்ல. ஆகவே பழைய கண்ணாடிச் சீட்டைப் பார்த்து இணையத்தில் வாங்கிப் போட வேண்டாம்.

முதல் நாள் எங்களில் மூத்தவருக்கு வலது கண்ணில் மட்டும் பதினொரு தரம் தவறியது. விரல் கிட்ட வரும்போதே இமை தானாக மூடுகிறது. நெற்றி வியர்க்கிறது. இளையவர் பக்கத்தில் இருந்து சிரித்தார். தன் முறை வந்தபோது சிரிப்பு நின்றது. பயத்தால் மூடுவது கூச்சப்பட வேண்டிய விசயமல்ல. கண்ணைக் காக்க உடம்பு அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பழக்கத்தால் மட்டும்தான் அடக்கலாம்.

நாங்கள் பழகிய முறை இது.

1. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். வாசனையும் எண்ணெயும் இல்லாத சவர்க்காரத்தால் கையைக் கழுவி, நூல் கழராத துவாயால் நன்றாகத் துடைக்க வேண்டும். ஈர விரலில் வில்லை ஒட்டிக்கொண்டு கண்ணுக்குப் போகாது.

2. எப்போதும் வலது கண்ணிலேயே தொடங்கினால் வில்லைகள் மாறாது.

3. வில்லையை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பாருங்கள். சின்னக் கிண்ணம் போல விளிம்பு நேராக நின்றால் சரி. சாப்பாட்டுக் கோப்பை போல விளிம்பு வெளியே விரிந்தால் உள்பக்கம் வெளியே வந்துவிட்டது. கிழிசல் இருந்தால் எறிந்துவிட வேண்டும்.

4. வில்லை வைத்திருக்கும் கையின் நடுவிரலால் கீழிமையை இழுத்துப் பிடியுங்கள். மற்றக் கையால் மேலிமையை மயிரின் அடியோடு சேர்த்துத் தூக்கிப் பிடியுங்கள். பாதியில் பிடித்தால் இமை வென்றுவிடும்.

5. கண்ணாடியில் உங்கள் கண்ணையே நேரே பார்த்தபடி மெல்ல வையுங்கள். குத்தத் தேவையில்லை, கண்ணின் ஈரமே அதை இழுத்துக்கொள்ளும். கீழே பார்த்து, இமைகளை ஆறுதலாக விடுங்கள்.

6. கழற்றும்போது மேலே பார்த்து, சுட்டுவிரலால் வில்லையைக் கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு இறக்கி, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மெதுவாகக் கிள்ளி எடுக்க வேண்டும். நகம் படக் கூடாது.

‘வில்லை கண்ணுக்குப் பின்னால் போய் மூளைக்குள் புகுந்துவிடும்’ என்று எங்களுக்கு ஒரு நண்பர் சொல்லியிருந்தார். அது நடவாது. இமையின் உள்தோல் மடிந்து கண்ணோடு ஒட்டியே இருக்கிறது, பின்னால் போக வழியில்லை. இமைக்கு அடியில் ஒளிந்தால் கண்ணுக்குரிய துளி விட்டு, கண்ணை உருட்ட வெளியே வரும்.

ஒரு சொல் கேட்காமல் போனது

இனி எங்கள் பிழை. பயிற்சி முடிந்து ஒப்ரிக்கர் வேகமாகச் சில அறிவுரைகள் சொன்னார். நாங்கள் ‘யா, யா’ என்று தலையாட்டினோம். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஆட்டும் தலைதான். அவர் சொன்னவற்றில் ஒன்று ‘அல்ட்ரி வன்’. வன் என்றால் தண்ணீர், அது எங்களுக்குத் தெரியும். அல்ட்ரி என்றால் ‘ஒருபோதும் கூடாது’. அது அன்று எங்களுக்குத் தெரியாது. தண்ணீரைப் பற்றி ஏதோ சொல்கிறார், கழுவச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவது கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்களில் மூத்தவரிடம் வில்லை கழுவும் திரவம் முடிந்துவிட்டது. கடைகள் பூட்டு. அவர் பைப்பைத் திறந்து பெட்டியை நிரப்பி வில்லைகளைப் போட்டுவிட்டுப் படுத்தார். காலையில் அதையே கண்ணில் போட்டு வேலைக்கு வந்தார்.

ஒஸ்லோத் தண்ணீரில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. மாரிடால் ஏரியிலிருந்து வந்து, சுத்தம் செய்யப்பட்டு வரும் தண்ணீர். ஊரில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்த எங்களுக்கு இது அமுதம். குடிக்க நல்லதுதான். ஆனால் குடிக்கிற தண்ணீர் வேறு, கண்ணில் விடுகிற தண்ணீர் வேறு. பைப் தண்ணீரிலும் குளத்திலும் மண்ணிலும் அக்கந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். வயிற்றுக்குப் போனால் அதனால் கேடில்லை. வில்லைக்கு அடியில் அகப்பட்டு, கருவிழியில் உள்ள நுண்ணிய கீறல் வழியாகப் புகுந்தால், பார்வையையே எடுத்துவிடும். அரிதுதான், ஆனால் வந்தால் மாதக்கணக்கில் வைத்தியம். கொதித்து ஆறிய தண்ணீரும் வேண்டாம், எச்சிலும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை அவரது இடது கண் இரத்தச் சிவப்பு. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. “வேலைக்குப் போகாவிட்டால் நிற்பாட்டிப் போடுவாங்கள், தம்பி” என்று சட்டையை மாட்டினார். தம்பிதான் மறித்தார். இங்கே ஒரு முதலாளியிடம் இரண்டு மாதம் வேலை செய்தவர், வைத்தியரின் கடிதம் இல்லாமலே ஒரு தடவையில் மூன்று நாட்கள் வரை சுகயீனம் என்று தானே அறிவித்து நிற்கலாம். அதற்கு ஏகென்மெல்டிங் என்று பெயர். அது இரக்கத்தில் தரும் லீவு அல்ல, சட்டத்தில் உள்ள உரிமை.

ஒப்ரிக்கர் கண்ணைப் பார்த்த உடனே கண் வைத்தியரிடம் அனுப்பினார். அன்றே பார்த்தார்கள். நல்ல காலம், பக்ரீரியாத் தொற்று மட்டும்தான். மணிக்கொரு தரம் மருந்துத் துளி, இரண்டு கிழமை வில்லை இல்லை. பார்வை தப்பியது. அந்த இரண்டு கிழமையும் அவர் அதிகம் பேசவில்லை. “ஊரில எத்தனையோ தப்பி வந்த கண்ணடா, ஒரு சொல்லாலை போகப் பாத்தது” என்று ஒரு நாள் சொன்னார்.

எங்கள் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கண் சிவந்து, நொந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் வில்லையைக் கழற்றுங்கள். திரும்பப் போடாதீர்கள். வில்லையையும் பெட்டியையும் எறியாமல் கொண்டு போங்கள், பரிசோதிக்க உதவும். வைத்தியர் இல்லாத நேரம் லெகெவக்ற் அவசர சேவையை 116117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். முலைப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு போன்ற கைவைத்தியம் எதுவும் இந்தக் கண்ணில் விட வேண்டாம்.

பச்சை மிளகாய் வெட்டிய கை, எத்தனை தரம் கழுவினாலும் காரம் விடாது. சமையலுக்கு முன்பே வில்லையைப் போட்டுவிடுங்கள். இரவு கழற்ற வேண்டும் என்றால் மிளகாய்க்குக் கையுறை போடுங்கள். கண் மை பூசுவதும் வில்லை போட்ட பிறகுதான்.

வில்லையோடு குளிக்கவோ நீந்தவோ கூடாது. வைத்தியர் அனுமதிக்காமல் நித்திரை கொள்ளவும் கூடாது. பெட்டியில் பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றாமல், ஒவ்வொரு நாளும் கொட்டிப் புதிதாக விடுங்கள். மூன்று மாதத்துக்குள் பெட்டியையும் மாற்றுங்கள். ஒரு நாள் போட்டு எறியும் வில்லைகளும் இருக்கின்றன, அவற்றுக்குத் திரவமே தேவையில்லை.

கலியாண வீடு, சாமத்திய வீடு என்று நிற வில்லையைப் பெண் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போடுவதைக் காண்கிறோம். ஒருவர் கண்ணில் போட்டதை மற்றவர் போடவே கூடாது. நிறத்துக்கு மட்டும் போடும் வில்லைக்கும் ஒப்ரிக்கரின் அளவு தேவை.

வாகன அனுமதிப் பத்திரத்தில் 01 என்ற குறி இருந்தால் கண்ணாடியோ வில்லையோ இல்லாமல் ஓட்டக் கூடாது. வில்லை போட்டவர் பழைய கண்ணாடியையும் பையில் வைத்திருப்பது நல்லது. தொழிற்சாலையில் வில்லை பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பதிலாகாது. இரசாயனமும் தூசும் உள்ள இடமானால், தொழிலாளர் பாதுகாப்புப் பிரதிநிதியான வார்ன-ஒம்பூட்டிடம் முதலில் கேளுங்கள்.

இப்போது எங்களுக்கு வில்லை போட ஒரு நிமிடம் கூட ஆவதில்லை. குளிர் அறையிலிருந்து வரும்போது மண்டபம் முழுவதும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நாங்கள் உண்மையில் பழகியது வேறொன்று. அடுத்த முறை கடைக்குப் போனபோது மூத்தவர் தலையாட்டவில்லை. “யை பொர்ஸ்தோர் இக்கெ” என்றார். எனக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். “கன் டூ வீஸெ மை என் கோங் தில்?” என்றும் கேட்டார். இன்னொரு தரம் காட்டுவீர்களா என்று அர்த்தம். ஒப்ரிக்கர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு தாளில் படம் கீறி, தண்ணீர்ப் பைப்பின் மேல் பெரிய புள்ளடி போட்டுக் காட்டினார். அந்தத் தாள் எங்கள் குளியலறைச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது.