கோட்டைப் பூங்காவில் ஒரு மாலைப்பொழுது

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்த நம்மவர் பலருக்கு வீடு என்பது இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டுமே. திண்ணை கிடையாது, முற்றம் கிடையாது. ஒலவக்கோட்டு ரயில்வே குடியிருப்பில் நம் இல்லமும் அத்தகையதே. சென்ற ஐப்பசியில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த நம் தாயார், பேச்சுத் துணையின்றி, சன்னற் கம்பியைப் பிடித்து நின்றே பகலைக் கழித்து வந்தார். இரண்டு மாதம் நிறையுமுன்பே, “என்னை ரயிலேத்தி விட்டுருய்யா” என்று கேட்கத் தொடங்கிவிட்டார். ரயில்வே குமாஸ்தாவிடம் டிக்கெட் இல்லை என்ற சாக்குச் செல்லுமா? நம்மை அண்டியிருக்கும் விதவைத் தாய்க்கும் பாஸ் உண்டென்பதை அவர் நன்கு அறிவார். மனுவையும் எழுதி வைத்தோம்.

இந்நிலையில்தான் மார்கழியில் ஒரு ஞாயிறன்று குடும்பத்துடன் வெளியே புறப்பட்டோம். மலம்புழைக்குப் போகலாம் என்றார் துணைவியார். காமராசர் சென்னை முதலமைச்சராயிருந்து 1955இல் திறந்து வைத்த அணை அது. பாலக்காடு கேரளத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்றுதானே! அணைப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் வடித்த யட்சி சிலையும் பார்க்கத் தக்கதே. ஆயினும் முழங்கால் வலியுள்ள முதியவருக்கு அவ்வளவு அலைச்சல் ஆகாது. ஆண்டுக்கொரு முறை போகும் பெரிய பூங்காவைவிட, வாரந்தோறும் போகக்கூடிய சிறு பூங்காவே குடும்பத்துக்கு உதவும் என்பது நம் துணிபு. ஆகவே நகரப் பேருந்தில் ஏறிக் கோட்டைக்குச் சென்றோம்.

திப்புக் கோட்டை என்று ஊரார் அழைத்தாலும், இதைக் கட்டுவித்தவர் அவர் தந்தை ஹைதர் அலி, ஆண்டு 1766. கோவைச் சமவெளிக்கும் மேற்குக் கடற்கரைக்கும் இடையிலான வழியைக் காக்கவே இவ்விடம் தேர்ந்தார். 1790இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். இன்று அதே அகழி நீரோரம் முதியோர் காற்று வாங்குகின்றனர். உள்ளே ஆஞ்சநேயர் கோயில். அருகே வாடிகா என்னும் பூங்காவில் குழந்தைகளின் ஆரவாரம். படைக்கென்று கட்டிய இடம் பாட்டிமாருக்குப் பயன்படுவது வேடிக்கைதான்.

தாயாரை மரத்தடியில் அமர்த்தினோம். காற்று பலமாய் வீசியது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருப்பதால், மார்கழி, தை மாதங்களில் கீழைக்காற்று அவ்வழியே பாய்ந்து வருகிறது. தென்காசிப் பக்கத்துக்கு ஆரியங்காவுக் கணவாய் ஆனி ஆடியில் மேல்காற்றையும் சாரலையும் அனுப்புவதை அறிந்தவராதலின், தாயாருக்கு இது விளங்காதிருக்குமா?

“இது எந்தத் திசைக் காத்துய்யா?” என்றார்.

“கிழக்கே கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வருகிறது, அம்மா.”

“அப்போ நம்ம பக்கத்துக் காத்துதான்” என்று முந்தானையைத் தளர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகம் அவ்வாறு தெளிந்ததை நாம் இரண்டு மாதமாகக் கண்டதில்லை.

மூன்றாம் வகுப்பில் மலையாளம் படிக்கும் நம் மகன் அறிவிப்புப் பலகையை ஆச்சிக்கு உரக்க வாசித்துக் காட்டினான். “தமிழ் வாசிப்பியாடா?” என்று அவர் கேட்கவும் பையன் நம்மைப் பார்த்தான், நாமோ தரையைப் பார்த்தோம். வீட்டில் தமிழ் பேசினாற் போதும் என்றிருந்த நம் சோம்பலுக்கு அன்றுதான் கேள்வி எழுந்தது. தாயார் ஒரு சுள்ளியை எடுத்து மண்ணில் ‘மழை’ என்று எழுதினார். எழுத்து அவனுக்குப் புரியவில்லை. ஆனால் அவர் சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொன்னபோது ழகரம் பிசகின்றி வந்தது. மலையாளத்தில் ‘மழ’, ‘வாழ’, ‘புழ’ என்று நாள்தோறும் பழகிய நாவல்லவா! “ஊரிலே உன் அத்தை பிள்ளைகளுக்கு இது வராதுடா” என்று தாயார் வியந்தார். இருட்டுவதற்குள் மரத்தடி மண்ணில் ஏழெட்டுச் சொற்கள் நிறைந்துவிட்டன. எழுதியவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தான் பையன்.

திரும்பும் பேருந்தில், அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று தாயார் கேட்டார். பாஸ் மனுவை என்ன செய்யலாமென்று நாம் மெல்ல விசாரித்தோம்.

“தை பிறக்கட்டும், பார்ப்போம். இவன் இன்னும் உயிரெழுத்தே முடிக்கலியே.”

மனு மேசையறையில் இருக்கிறது.