சரித்திரமும் சர்க்காரும்

அடிமைப்பட்ட தேசத்தின் சரித்திரத்தை ஆள வந்தவன் எழுதுவது உலக வழக்கம். நமக்கும் அவ்விதமே நேர்ந்தது. நம் முன்னோர் பள்ளிக்கூடங்களில் படித்த புஸ்தகங்களில் கிளைவ் மகாவீரன்; கட்டபொம்மன் கலகக்காரன். 1857-ல் வட இந்தியாவைக் குலுக்கிய பெருங்கிளர்ச்சிக்குச் ‘சிப்பாய்க் கலகம்’ என்று பெயர். அதனைச் சுதந்திர யுத்தம் என்று வர்ணித்து 1909-ல் ஸாவர்க்கர் எழுதிய நூலை, அச்சேறி வெளிவருமுன்பே பிரிட்டிஷ் சர்க்கார் தடை செய்தனர். சரித்திரம் எவ்வளவு வலிமையுள்ள ஆயுதம் என்பதை நம்மைவிட நம் எஜமானர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

1947-ல் எஜமானர்கள் போய்விட்டார்கள். உடனே ஒரு கேள்வி எழுந்தது. அன்னிய சர்க்கார் எழுதுவித்த சரித்திரத்தை அகற்றிய இடத்தில் நமது சர்க்கார் எழுதுவிக்கும் சரித்திரத்தை வைப்பதா, அன்றி, கசந்தாலும் உண்மையை வைப்பதா? இக்கேள்விக்குத் தமது வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் காலஞ்சென்ற டாக்டர் ரமேஷ் சந்திர மஜும்தார். அவருடைய முடிவுகள் பலவற்றை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அவருடைய கதையைத் தேசபக்தர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

மஜும்தார் 1888-ம் வருஷம் டிசம்பர் 4-ந் தேதி வங்காளத்தின் பரீத்பூர் ஜில்லாவில் பிறந்தார். கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜில் பயின்று, 1914-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் ஆசிரியரானார். அச்சர்வகலாசாலையைப் பேரறிஞர்களின் கூடமாக்கிய ஸர் ஆசுதோஷ் முகர்ஜியின் காலம் அது. ‘இந்தியர்களுக்குத் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளத் தெரியாது’ என்று வெள்ளையர் ஓயாமல் சொல்லிவந்த அந்நாளில், பண்டைய இந்தியாவில் வணிகக் குழுக்களும், கிராம சபைகளும், குடியரசுகளும் எவ்வாறு இயங்கின என்பதை ஆராய்ந்து அவர் 1918-ல் ஒரு நூல் வெளியிட்டார். நமது சோழ மண்டலத்துக் கிராம சபைகளின் சாஸனங்களையும் அதில் சான்றாகக் கொண்டார். மேடையில் பேசாமலே தேசத்துக்குச் செய்த ஊழியம் அது.

1921-ல் டாக்கா சர்வகலாசாலை தொடங்கியபோது அங்கே சரித்திரப் பேராசிரியராகச் சென்றார். 1937 முதல் 1942 வரை அதன் வைஸ் சான்ஸலராகவும் இருந்தார். அக்காலத்தில் அவர் மனத்தைக் கவர்ந்த விஷயம் கடல் கடந்த இந்திய நாகரிகம். வியட்நாமில் செழித்திருந்த சம்பா ராஜ்யத்தைப் பற்றி 1927-லும், ஜாவா, சுமாத்ரா முதலிய தீவுகளடங்கிய சுவர்ணத்வீபத்தைப் பற்றி அதன் பின்னரும் நூல்கள் எழுதினார். ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது கப்பற்படை செலுத்திய வரலாற்றைத் தஞ்சைச் சாஸனத்தைக் கொண்டு ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

இத்தகைய அறிஞரிடம் சுதந்திரப் போராட்டத்தின் சரித்திரத்தை ஒப்படைப்பது பொருத்தமென்று யாருக்கும் தோன்றும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்திய சர்க்காரின் கல்வி இலாகா அதற்கென ஒரு குழுவை நியமித்தது. குழுவில் மஜும்தார் முக்கியப் பொறுப்பு வகித்தார். தஸ்தாவேஜுகள் திரட்டப்பட்டன, எழுதும் வேலையும் தொடங்கிற்று. ஆனால் அபிப்பிராய பேதங்கள் முற்றின. 1955-ன் முடிவில் குழு கலைக்கப்பட்டது. பின்னர் அப்பணி டாக்டர் தாராசந்திடம் சேர்ந்தது. அவர் எழுதிய நான்கு பாகங்கள் 1961 முதல் 1972 வரை வெளிவந்தன.

பேதம் எதில்? ஹிந்துக்களும் முஸ்லிம்களும் கலந்து ஒரே நாகரிகத்தை உருவாக்கி வந்தனர் என்றும், அவர்களைப் பிரித்தது வெள்ளையரின் சூழ்ச்சி என்றும் காங்கிரஸ் தலைவர்கள் நம்பினர்; தாராசந்தின் கருத்தும் அதற்கு இயைந்ததே. வெள்ளையர் வருமுன்பே இரு சமூகங்களும் தனித்தனியாகவே வாழ்ந்தன என்று மஜும்தார் வாதித்தார். காந்தி மகானின் இயக்கத்துக்கே எல்லாப் பெருமையையும் கொடுத்துவிட்டு, புரட்சி வீரர்களையும் நேதாஜியின் தேசிய ராணுவத்தையும் ஓரத்தில் ஒதுக்குவது நியாயமன்று என்பதும் அவர் வாதம்.

குழு கலைந்ததும் வேறொருவராயிருந்தால் ஓய்ந்திருப்பார். மஜும்தார் ஓயவில்லை. 1857-ன் நூற்றாண்டு விழா வந்தது. சர்க்கார் சார்பில் டாக்டர் சுரேந்திரநாத் சென் எழுதிய நூல் மௌலானா ஆஸாதின் முன்னுரையுடன் வெளிவந்தது. அதே 1957-ல் மஜும்தார் தாமாகவே ஒரு நூல் வெளியிட்டார். தேசமெங்கும் ‘முதல் சுதந்திர யுத்தம்’ என்று கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், அது முதலாவதுமன்று, தேசியமுமன்று, சுதந்திர யுத்தமுமன்று என்று அவர் எழுதினார். பின்னர், எழுபத்து நான்காம் பிராயத்தில், 1962-ல், சுதந்திர இயக்கத்தின் சரித்திரத்தைத் தாமே எழுதி வெளியிடத் தொடங்கி, மூன்று பாகங்களில் முடித்தார். சர்க்கார் குழுவுடன் தமக்கு நேர்ந்த பேதங்களையும் அதில் ஒளிவு மறைவின்றிப் பதிவு செய்தார்.

நிற்க. அவர் சொன்னதெல்லாம் சரியா? இல்லையென்றே நாம் கூறுவோம். அதற்கு நமது நாட்டிலேயே சான்று உண்டு. 1806-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நெற்றிக் குறியை அழிக்கச் சொன்ன உத்தரவு ஹிந்துச் சிப்பாயைப் புண்படுத்தியது. தாடியைக் குறைக்கச் சொன்ன உத்தரவு முஸ்லிம் சிப்பாயைப் புண்படுத்தியது. இருவரும் சேர்ந்தே துப்பாக்கி தூக்கினர். திப்புவின் கொடி கோட்டையின் மேல் ஏறிற்று. 1857-லும் மீரட்டிலிருந்து புறப்பட்ட சிப்பாய்கள் இரு மதத்தினரும் ஒன்றாகவே டில்லி சென்று, முதிய பகதூர் ஷாவின் பெயரால் போர் தொடுத்தனர். தனித்தனியாக வாழ்ந்த இரு சமூகங்கள் என்ற சூத்திரத்தில் இவை அடங்குமா? டாக்கா நகரில் வகுப்புப் பகைமை வளர்ந்ததை நேரில் கண்டவர் மஜும்தார். 1947-ல் பிறந்த ஜில்லாவே பாகிஸ்தானாகிப் போனதையும் கண்டார். அந்த வேதனை அவருடைய பார்வையைப் பாதித்திருக்கலாம் என்று நாம் கருதுகிறோம்.

ஆனால் இதையும் கவனிக்க வேண்டும். 1857 ‘முதலாவது’ அன்று என்று அவர் கூறியதற்காகத் தமிழர் கோபிக்கக் காரணமில்லை. கயத்தாற்றில் 1799-ல் தூக்கிலேறிய கட்டபொம்மனையும், 1801-ல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களையும், வேலூர்ச் சிப்பாய்களையும் மறந்தவர்தாம் 1857-ஐ முதலாவது என்பார்கள். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்த ஒரு சொல்லை நிறுத்தி வைத்து, ‘இதற்கு ஆதாரம் எங்கே?’ என்று ஒரு கிழவர் கேட்டார். அந்தக் கேள்வியால் நஷ்டமடைந்தது எது? பொய்ப் பெருமை ஒன்றுதான்.

எனவே நாம் சொல்ல விரும்புவது இதுவே. தவறு செய்யும் சரித்திர ஆசிரியருக்குப் பதில் மற்றொரு சரித்திர ஆசிரியர். பாரபட்சமான நூலுக்கு மாற்று, அதனினும் ஆதாரமுள்ள நூல். குழுக்களைக் கலைப்பதும், சௌகரியமான பேனாவைத் தேடுவதும் எந்தக் கட்சியின் சர்க்காருக்கும் தகாது. அன்று காங்கிரஸ் சர்க்காருக்குப் பிடிக்காத அபிப்பிராயம் ஒன்று இருந்தது. வேறு சர்க்கார் வந்தால் அவர்களுக்குப் பிடிக்காத அபிப்பிராயம் வேறொன்றாக இருக்கும். மந்திரிகள் மாறும்போதெல்லாம் பாட்டன்மாரின் சரித்திரமும் மாறுமானால், குழந்தைகள் எதை நம்புவார்கள்?

சர்க்காரின் பொறுப்பு வேறு. தஸ்தாவேஜுகளைப் பூச்சி அரிக்காமல் காப்பது. அவற்றைப் பூட்டி வைக்காமல் ஆராய்ச்சியாளர் யாவருக்கும் திறந்துவிடுவது. சாஸனங்களைப் படியெடுத்து உடனுக்குடன் பிரசுரிப்பது. இவற்றைச் செய்தால் போதும். முடிவு கூறும் வேலையை அறிஞர்களிடமும், தீர்ப்பளிக்கும் வேலையை ஜனங்களிடமும் விட்டுவிடலாம்.

மஜும்தாரின் பெருந்தொண்டு இன்னொன்று உண்டு. ஸ்ரீ கே. எம். முன்ஷியின் பாரதீய வித்யா பவன் வெளியிட்ட இந்திய மக்களின் சரித்திரத்துக்கு அவர் பொதுப் பதிப்பாசிரியராயிருந்தார். அதன் முதற் பாகம் 1951-ல் வந்தது. பதினொரு பாகங்களாக 1977-ல் பூர்த்தியாயிற்று. அப்போது அவருக்குப் பிராயம் எண்பத்தெட்டு. 1980 பிப்ரவரியில் காலமானார். சர்க்கார் கையை விரித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்ட பண்டிதர்கள் நம்மிடையே பலர். இவர் வைக்கவில்லை.

அவருடன் மாறுபடுவோர் மாறுபடட்டும்; நாமும் மாறுபடுகிறோம். ஆனால் மாறுபடுவதற்குமுன் அவரைப் படிக்க வேண்டும்; படித்தபின் அவர் காட்டிய ஆதாரத்துக்கு எதிர் ஆதாரம் காட்ட வேண்டும். அந்த உழைப்புக்கு அஞ்சி, கோஷத்தால் அவர் வாயை அடைக்க முயல்வோமானால், ஸாவர்க்கரின் நூலைத் தடை செய்த வெள்ளையனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? வாசகர்கள் சிந்திப்பார்களாக.