தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரலில் வாசிக்கும் போன்... ஒரு சின்ன அட்ரிபியூட் செய்யும் குழப்பம்!

பார்வையற்ற ஒருவர் தன் போனில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறக்கிறார். வாசித்துக் காட்ட வேண்டிய ஸ்கிரீன் ரீடர், ஆங்கிலக் குரலில் ஏதோ உளறுகிறது. இல்லையென்றால் தமிழ் வரிகளைத் தாவி, எண்களை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறது. தமிழ்க் குரல் போனில் இருந்தும் ஏன் இப்படி? பல நேரங்களில் தவறு போனில் இல்லை, அந்தப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் கோடில் இருக்கிறது. அதுவும் தொடக்க வரிகளிலேயே!

அட்ரிபியூட்னா என்ன?

பத்தி, படம், பட்டன் என வெப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக் உண்டு. அந்த டேக்குக்குள் எழுதப்படும் கூடுதல் தகவல்தான் அட்ரிபியூட். சில அட்ரிபியூட்கள் குறிப்பிட்ட டேக்குக்கு மட்டுமே பொருந்தும். எந்த டேக்கிலும் போடக்கூடியவை 'குளோபல் அட்ரிபியூட்ஸ்'. அடிக்கடி பயன்படுபவை இவை:

* ஐடி: ஆதார் எண் மாதிரி. ஒரு பக்கத்தில் ஒரே ஐடி இரண்டு இடத்தில் வரக் கூடாது.
* கிளாஸ்: ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி. ஒரே கிளாஸை எத்தனை டேக்குக்கும் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே தோற்றம் கிடைக்கும்.
* டைட்டில்: மவுஸை மேலே வைத்தால் எட்டிப் பார்க்கும் குறிப்பு. டச் போனில் பொதுவாகத் தெரியாது. அதனால் முக்கியமான தகவலை இதில் மட்டும் வைக்கக் கூடாது.
* லாங்: உள்ளே இருப்பது எந்த மொழி என்று சொல்வது. நம்ம பிரச்னை இங்கேதான்!

எழுத்தைப் பார்த்தாலே தெரியாதா?

சில மென்பொருள்கள் ஊகித்துக்கொள்ளும்; எல்லாமும் அல்ல. இந்தி, மராத்தி, நேபாளி மூன்றுக்கும் தேவநாகரி எழுத்துதான். எழுத்தை மட்டும் வைத்து மொழியை எப்படி முடிவு செய்வது? அதனால்தான் மொழியைக் கோடிலேயே சொல்லச் சொல்கிறார்கள். தமிழுக்கான குறியீடு 'டி', 'ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். ஸ்கிரீன் ரீடர் இதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும். பிரவுசரின் மொழிபெயர்ப்பு வசதிக்கும் இது உதவும்.

அப்புறம் ஏன் தப்பாகிறது?

காரணம், காப்பி பேஸ்ட். பல டெம்ப்ளேட்களில் லாங் மதிப்பு ஆங்கிலம் என்றே வருகிறது. விஎஸ் கோட் எடிட்டரில் ஆச்சரியக்குறி போட்டு டேப் கீயைத் தட்டினால் கிடைக்கும் தயார் வடிவத்திலும் அப்படித்தான். டெவலப்பர் அதை மாற்ற மறந்தாலும் பக்கம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். காதால் படிப்பவருக்குத்தான் அது உடைந்து கிடக்கும்.

வெப் பக்கங்களுக்கான சர்வதேச அணுகல்தன்மை விதிகளில், பக்கத்தின் மொழியைக் குறிப்பிடுவது 'லெவல் ஏ', அதாவது குறைந்தபட்சத் தேவை. மின்னணு ஊடகத் தகவல்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்.

எப்படிச் சரிபார்ப்பது?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல், யூ கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். மேலேயே வரும் ஹெச்டிஎம்எல் டேக்கில் லாங் மதிப்பைப் பாருங்கள். தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலக் குறியீடு இருந்தால், மாற்ற வேண்டியது இரண்டே எழுத்து. தமிழ்ப் பக்கத்துக்கு நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால், அந்தப் பத்தியின் டேக்குக்கு மட்டும் ஆங்கிலக் குறியீட்டைத் தனியாகக் கொடுக்கலாம்.

ஆபீஸ் வெப்சைட்டோ, சொந்த போர்ட்ஃபோலியோவோ... இன்னைக்கே ஒருமுறை செக் பண்ணிடுங்க!