திரும்ப வாசித்துப் பார்த்த நாடாதான் பெக்கப்

தோட்டத்துக் கணினி அறை – தொடர் 8

முப்பது வருசம் கொழுந்து பறித்த ஒருவர் ஓய்வு பெறும் நாளில், அவருடைய உழைப்புக்குச் சாட்சி, வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோலும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும்தான். பதிவு இல்லாதவரின் கதியை ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது, இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். செக்ரோல், சேமலாப நிதிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிய பிறகு, இரவில் காந்த நாடாவில் பெக்கப் (காப்புப் பிரதி) எடுப்பவரின் கையில் இருப்பது பிறருடைய உரிமை.

லினக்ஸ் சேர்வரில் நாடாக் கருவி கோளாறு செய்தால் முதலில் ‘எம்டி ஸ்டேட்டஸ்’ கட்டளையைக் கொடுங்கள். நாடா உள்ளே இருக்கிறதா, எழுதவிடாமல் பூட்டப்பட்டிருக்கிறதா என்பது உடனே தெரியும். கருவி வேறு வேலையில் இருப்பதாகப் பதில் வந்தால், முந்திய இரவின் வேலை முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

பிழைச் செய்தியே வராத கோளாறுதான் ஆபத்தானது. ஒரே கருவிக்கு எஸ்டி0, என்எஸ்டி0 என்று இரண்டு பெயர்கள் உண்டு. முதற்பெயரில் எழுதினால், வேலை முடிந்ததும் நாடா தொடக்கத்துக்குச் சுற்றிவிடும்; இரண்டாவதில் எழுதினால் நிறுத்திய இடத்திலேயே நிற்கும். செக்ரோல், சேமலாப நிதி, களஞ்சியக் கணக்கு மூன்றையும் எஸ்டி0 வழியாக அடுத்தடுத்து எழுதினால், ஒவ்வொன்றும் முந்தியதன் மேலேயே ஏறும். விடியும்போது மிஞ்சுவது களஞ்சியக் கணக்கு மட்டும். மூன்றும் நல்லபடி முடிந்ததாகவே கணினி சொல்லும்.

வாசிக்கும்போது நினைவகம் போதவில்லை என்று செய்தி வந்தால், ராம் வாங்க ஓடாதீர்கள். பெரிய துண்டுகளாக எழுதிய நாடாவைச் சிறிய அளவில் வாசிக்க முயன்றாலும் இதே செய்திதான் வரும். நாடாவில் எழுதும் ‘டார்’ கட்டளை வழக்கமாக 10,240 பைட் அளவில் எழுதும். 64 கிலோபைட்டில் எழுதியிருந்தால், வாசிக்கும்போதும் பி 128 என்று குறிப்பிட வேண்டும். எழுதிய அளவை நாடா உறையிலேயே குறித்து வையுங்கள்.

எங்கள் பனிமூட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். எல்டிஓ வகை நாடாவை 80 வீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனில் ஓட்டக்கூடாது. குளிரில் கொண்டுவந்த நாடாவை உடனே கருவியில் போட்டால் அதில் நீர் படியலாம். ஒரு நாள் அறையிலேயே வைத்திருந்து போடுங்கள். சுத்தப்படுத்தும் நாடாவைக் கருவி கேட்கும்போது மட்டும் போடுங்கள். அடிக்கடி போட்டால் வாசிக்கும் தலை தேயும்.

இவ்வளவு பாடுபட்டு நாடாவைப் பேணுவது ஏன்? 2023 ஓகஸ்டில், அரச மின்னஞ்சல்கள் இருந்த லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயர் தாக்குதல் நடந்தது. இணைப்பிலேயே இருந்த பெக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டதால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. 2011இல் ஜிமெயிலில் ஒரு பகுதிப் பயனர்களின் கடிதங்கள் மறைந்தபோது, கூகுள் அவற்றை மீட்டது நாடாக்களிலிருந்து. கழற்றி எடுத்து வைத்த நாடாவை ரான்சம்வெயர் எட்டாது.

மாதம் ஒருமுறை பழைய நாடா ஒன்றை எடுங்கள். ஒரு தொழிலாளியின் செக்ரோலை வேறொரு கோப்புறையில் மீட்டு, அச்சிட்ட சம்பளச் சீட்டோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பொருந்தினால் நாடா உறையில் திகதியிட்டுக் கையெழுத்திடுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாத நாடாவைப் பெக்கப் என்று எண்ண வேண்டாம்.

அடுத்த வாரம்: இரண்டாவது பிரதியை எங்கே வைப்பது?